வீட்டு நாயோடு விளையாடுவது எப்படி: முதல் பந்துக்கு முன்பிருந்து மறுநாள் காலை வரை

தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்துத் தேற்றி, வளர்க்க ஆசைப்படுபவர்களிடம் கொடுத்து வருகிறேன். கொடுத்த முதல் மாதத்தில் அவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "பந்தை எடுக்குது, திருப்பித் தர மாட்டேங்குது." மற்றொன்று, "கையைக் கடிச்சுக்கிட்டே இருக்கு."

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வரிசை மாறிவிடுகிறது. நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பந்து வந்துவிடுகிறது. ‘விடு’ என்ற சொல்லோ ஆறு மாதம் கழித்து, செருப்பு பறிபோன பிறகு வருகிறது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. விளையாட்டுக்கு முன் முடிக்க வேண்டியவை

குட்டியென்றால் முதலில் தடுப்பூசி. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், ஏறத்தாழ 16 வாரம் வரை தொடர்ந்து போடுவார்கள். வெறிநாய்க்கடிக்கான ஊசி சுமார் 3 மாதத்தில். இவை முடியும்வரை விளையாட்டு வீட்டுக்குள்தான். குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பூங்காவில் வேறு நாயே இல்லையென்றாலும், போன மாதம் அங்கே வந்துபோன நாய் விட்டுச்சென்றது இருக்கலாம்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்திருந்தால் முதல் சில நாட்கள் விளையாட்டே வேண்டாம். அது வீட்டைப் புரிந்துகொள்ளட்டும். நொண்டுகிறதா, படியேறத் தயங்குகிறதா, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வலியுள்ள நாயை விளையாடக் கூப்பிட்டால் அது கடித்துத்தான் ‘வேண்டாம்’ என்று சொல்லும்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 1 மணி நேரம் ஓட்டம் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு 2 மணி நேரம் விடுங்கள். இவற்றுக்கு வயிறு வாயுவால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஓட்டம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நிறைந்த வயிற்றோடு குதிக்கவிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலையாக இருக்கலாம்.

2. இடமும் நேரமும்

நம் வீடுகளில் பெரிய தொல்லை வழுவழுப்பான டைல்ஸ் தரை. நாய் ஓடிவந்து நிற்கப் பார்க்கும், பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கிப் போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தினமும் இப்படிச் சறுக்கினால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் கேடு. இரண்டு பழைய யோகா மேட்டையோ ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளையோ வரிசையாகப் போட்டு ஓடுபாதை அமைத்துக்கொள்ளுங்கள். பாய் வேண்டாம், அதுவும் சேர்ந்து சறுக்கும்.

மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். பந்து சுவரைத் தாண்டினால் நாயும் தாண்டும். பந்தின் மேல் கண் இருக்கும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அது யோசிக்காது. சுவர் உயரமாக இல்லாவிட்டால் மாடியில் பந்தே வேண்டாம். கயிறு இழுப்பதும் தேடுவதும் போதும்.

அடுத்தது வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைப் பெரும்பாலும் வெளியேற்றும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். ஆகவே வெயில் இல்லாத புழுக்கமான நாளிலும் கவனம் தேவை. பக், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

புறங்கையைத் தரையில் வைத்து 7 வினாடி எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அந்தத் தரை ஆகாது. பலர் தவறுவது மாலையில்தான். ஐந்து மணிக்கு வெயில் தணிந்தமாதிரி தெரியும், ஆனால் நாள் முழுக்கச் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் தணிந்திருக்காது. அக்னி நட்சத்திர நாட்களில் காலை 6 மணியை ஒட்டி விளையாடி முடித்துவிடுவதுதான் நல்லது.

3. எதை வைத்து விளையாடுவது

பந்தின் அளவு முதலில். வாயை முழுதாகத் திறந்தால் கோரைப் பற்களுக்குப் பின்னால் போய்விடக்கூடிய பந்து சிறியது, தொண்டையில் அடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

கெட்டித்தன்மை அடுத்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதிய வேண்டும். பதியாத பொருள் பல்லை உடைக்கும். கிரிக்கெட் கார்க் பந்து கூடவே கூடாது. டென்னிஸ் பந்தை எறியலாம், ஆனால் மெல்லக் கொடுத்து வைக்காதீர்கள். அதன் மேலுள்ள சொரசொரப்பு, மண்ணும் சேர்ந்துகொண்டால், பல்லைத் தேய்த்துவிடும். குச்சியும் வேண்டாம். ஓடும் வேகத்தில் ஒரு முனை தரையில் குத்தி நின்றால் மறுமுனை தொண்டைக்குள் போகும்.

பழைய செருப்பு, பழைய சாக்ஸ் கொடுப்பவர்கள் உண்டு. பழையதுக்கும் புதியதுக்கும் வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். இழுக்கும் கயிற்றுக்கு நான் பழைய பருத்தி வேட்டியை மூன்றாகக் கிழித்துச் சடைபோல் இறுகப் பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். கொடியில் காயும் வேட்டியையும் இழுக்குமோ என்று பயந்தேன். பின்னல் வேறு உருவம் என்பதால் என் நாய் குழம்பவில்லை. நூல் பிரியத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அடைக்கும்.

தின்பண்டம் கொண்டைக்கடலை அளவில் இருந்தால் போதும். எலும்பில்லாத வேகவைத்த கோழி, கேரட், வெள்ளரி, உப்பில்லாத அரிசிப் பொரி எல்லாம் சரிதான். இவை மொத்தமாக ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

4. அது விளையாடுகிறதா என்று பாருங்கள்

முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்பது ‘விளையாட வா’ என்ற அழைப்பு. உடம்பு தளர்வாக நெளியும், வாய் லேசாகத் திறந்திருக்கும், அடிக்கடி நின்று நின்று மறுபடி ஓடும்.

உடம்பு விறைத்துப்போவது, வாயை மூடிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, வாலை ஒடுக்குவது எல்லாம் எதிர்ப்பக்கம். தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவியும், சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவதும் சங்கடத்தின் அடையாளமாகப் பல நேரம் இருக்கும். வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். விறைப்பாக உயர்த்திய வால் வேகமாக ஆடினால் அது மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் நீங்கள் இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள். விளையாட விரும்பும் நாய் உங்களைத் தேடி வரும். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

5. பந்துக்கு முன் ‘விடு’

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வாயிலிருப்பதைக் கேட்டவுடன் விடும் நாயோடு எந்த விளையாட்டும் ஆடலாம். விடாத நாயோடு ஆடினால் ஒவ்வொரு விளையாட்டும் பிடுங்கலில் முடியும், பிடுங்கல் ஒருநாள் கடியில் முடியும்.

முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அப்பா ‘லீவ்’ என்பார், பாட்டி ‘போடுடா கீழே’ என்பார், பிள்ளைகள் ‘குடு குடு’ என்பார்கள். நாய்க்கு இவை மூன்றும் மூன்று சத்தம். எங்கள் வீட்டில் ‘விடு’.

நாய்க்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொம்மையை வாயில் கவ்வக் கொடுங்கள். கோழித் துண்டை மூக்கருகே கொண்டுபோங்கள். வாய் திறக்கும். திறக்கும் அந்த நொடியில் ‘விடு’ என்று ஒரே ஒரு முறை சொல்லித் துண்டைக் கொடுங்கள். தின்று முடித்ததும் பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதுதான் இதில் முக்கியம். புதியவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். விட்டால் கோழியும் கிடைக்கும், பொம்மையும் திரும்பி வரும் என்று தெரிந்த நாய் எதற்காக ஒளிந்து ஓட வேண்டும்?

ஒரு வேளைக்கு பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. மூன்று நாலு நாள் ஆனதும் சொல்லை முதலில் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள், அப்புறம் துண்டைக் காட்டுங்கள். சொல்லுக்கே வாய் திறந்தால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்த பொம்மைக்கு மாறுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள்:

துரத்துவது. பந்தோடு ஓடும் நாயைத் துரத்தினால் அதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் கிடையாது என்று அது முடிவு செய்துவிடும். நில்லுங்கள், திரும்பி எதிர்ப்பக்கம் நடங்கள்.

வாயைப் பிளந்து எடுப்பது. தொண்டையில் அடைத்த ஆபத்து நேரத்தைத் தவிர வேறெப்போதும் வேண்டாம்.

‘விடு விடு விடு’ என்று அடுக்குவது. மூன்றாவது ‘விடு’வுக்குத்தான் விட வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

பொருளின் மேல் குனிந்து விறைத்து உறுமுகிற நாயிடம் இந்தப் பயிற்சியை நீங்களாகச் செய்யாதீர்கள். கை நீட்டாதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து உறுமலை நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் பயிற்சியாளரிடம் போங்கள்.

6. கையைக் கடிக்கும் குட்டி

குட்டிக்கு 28 பால்பற்கள். நாலாவது மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏறத்தாழ ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்தே தீரும். கடிக்காமல் செய்ய முடியாது. கைக்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கத்தான் முடியும்.

பல் பட்டதும் கையை அசையாமல் நிறுத்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் அது ஓடும் இரை, பின்தொடர்ந்து கவ்வும். பிடி தளர்ந்ததும் மெதுவாக எழுந்து, பேசாமல், இருபது வினாடி முதுகைக் காட்டி நில்லுங்கள். அப்புறம் துணிப்பின்னலோடு திரும்பி வாருங்கள். பல் தோலில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும், துணியில் பட்டால் தொடரும். இவ்வளவுதான் பாடம், ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் சோபாவில் உட்கார்ந்து கையால் மூஞ்சியில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பட்ட பாடெல்லாம் வீண். (அந்த ஒருவர் அநேகமாக மாமாவாக இருப்பார்.)

மாலை ஏழு எட்டு மணிக்குப் பேய் பிடித்தமாதிரி ஓடிக் கடிக்கும் குட்டிக்கு விளையாட்டு போதவில்லை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. சின்னக் குட்டிக்கு நாளில் சுமார் 18 மணி நேரம் தூக்கம் தேவை.

7. பந்து எறிதல்

கதவுகள் மூடிய நடைவழியில் தொடங்குங்கள். நாய்க்குப் பக்கவாட்டில் ஓட இடமில்லாததால் திரும்பி உங்களிடம்தான் வந்தாக வேண்டும். முதல் நாள் ஆறடி தூரம் போதும்.

ஒரே மாதிரி இரண்டு பந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தோடு வரும்போது இரண்டாவதைக் காட்டி ‘விடு’. விட்டதும் இரண்டாவதை உருட்டுங்கள். பந்தை விட்டால் விளையாட்டு முடியாது, தொடரும் என்று அதற்குப் புரிய வேண்டும்.

உயரே எறியாதீர்கள், தரையோடு உருட்டுங்கள். உயரப் பந்துக்கு நாய் எகிறி, காற்றில் முறுக்கி, பின்னங்காலில் இறங்கும். முழங்கால் தசைநார் கிழிவது இப்படியும்தான். பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு முற்ற ஒன்றரை வருடம்கூட ஆகலாம், அதுவரை குதிக்கும் விளையாட்டே வேண்டாம்.

எத்தனை முறை? வளர்ந்த நாய்க்கும் எட்டுப் பத்து எறிதலில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். லாப்ரடார் தானாக நிறுத்தாது. நிறுத்த வேண்டியது நீங்கள். நாட்டு நாய்கள் நேரெதிர். மூன்றாவது எறிதலில் ‘இவ்வளவு பிடித்ததென்றால் நீயே வைத்துக்கொள்’ என்கிறமாதிரி உட்கார்ந்துவிடும். அதில் தவறேதும் இல்லை, அவற்றுக்கு 9ஆம் படியிலுள்ள மோப்ப விளையாட்டு பிடிக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் பந்தை விட்டுவிட்டு அணிலின் பின்னால் போய்விடும். திறந்த வெளியில் 10 மீட்டர் கயிறு, அதுவும் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் உடம்புப் பட்டையில் மாட்டியது.

எறிவதுபோல் பாவனை செய்து ஏமாற்றாதீர்கள். லேசர் ஒளியைத் துரத்தவிடுவதும் அதேதான், பிடிக்கவே முடியாததைத் துரத்தும் நாய்களில் சில, பிறகு சுவரில் தெரியும் எந்த வெளிச்சத்தையும் விடாமல் துரத்தத் தொடங்கிவிடும்.

8. கயிறு இழுத்தல்

‘நாயை ஜெயிக்க விட்டால் தலைக்கேறிவிடும்’ என்பார்கள். விடுங்கள், ஜெயிக்கட்டும். ஒருமுறையும் ஜெயிக்காத நாய் ஆர்வமிழந்துவிடும். ஜெயித்த நாய் கயிற்றைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டு மறுபடி கேட்கும்.

‘பிடி’ என்று சொன்ன பிறகே அது கவ்வ வேண்டும். கயிறு அதன் நெஞ்சு உயரத்தில், இடம் வலமாக மட்டும் அசையட்டும். மேலும் கீழும் உதறினால் கழுத்து எலும்பு அடிபடும். கயிற்றோடு நாயைத் தூக்கிக் காட்டுவது வீடியோவுக்கு நன்றாக இருக்கலாம், பல்லுக்கும் கழுத்துக்கும் இல்லை. பல் விழும் பருவத்தில் நீங்கள் இழுக்காதீர்கள், அது இழுக்க நீங்கள் பிடித்திருந்தால் போதும்.

பத்து வினாடி இழுங்கள், ‘விடு’, ஒரு மூச்சு அமைதி, மறுபடி ‘பிடி’. உறுமல் வரும். உடம்பு தளர்வாக இருந்தால் அது வெறும் உற்சாகம். விறைத்தால் நிறுத்துங்கள்.

9. மூக்குக்கு வேலை

வடகிழக்குப் பருவமழை நாட்களுக்கும், வயதான நாய்களுக்கும், மே மாத நண்பகலுக்கும் இதுதான் கைகொடுக்கும். பழைய துவாலையில் தின்பண்டத்தைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். அல்லது இட்லித் தட்டின் குழிகளில் சிலவற்றில் மட்டும் துண்டுகளை வைத்து, எல்லாக் குழிகளையும் பந்துகளால் மூடுங்கள். முதலில் அது பார்க்கும்படி வைத்து, பிறகு பார்க்காதபடி. பத்து நிமிடம் மோப்பம் பிடித்த நாய் போய்ப் படுத்துக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள். இட்லித் தட்டை மட்டும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், வீட்டில் சண்டை வரும்.

10. குழந்தைகளும் மற்ற நாய்களும்

சின்னக் குழந்தையும் நாயும் பெரியவர் கண்ணெதிரில் மட்டுமே விளையாட வேண்டும். கண்ணெதிரில் என்றால் கைக்கெட்டும் தூரத்தில், கையில் போன் இல்லாமல். குழந்தை பந்தை எறியலாம், வாங்குவது பெரியவர். கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது, தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடுவது கூடாது. குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் நாய் துரத்தும். நாயைத் திட்டிப் பயனில்லை, குழந்தையை ‘மரம்போல் நில்’ என்று பழக்குங்கள்.

இரண்டு நாய்களுக்கு நடுவில் ஒரு பந்து என்றால் சண்டை நிச்சயம். நாய்க்கொன்று கொடுங்கள், அல்லது பொருளே இல்லாமல் ஓடி விளையாட விடுங்கள். ஊசி போட்டதா என்று தெரியாத தெரு நாயோடு உங்கள் குட்டியைக் கொஞ்ச விடாதீர்கள்.

11. முடிப்பது

நாய் களைத்து விழும்வரை ஆடாதீர்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அது கேட்கும்போதே முடித்தால்தான் நாளைக்குக் கூப்பிட்டவுடன் வரும்.

கடைசி மூன்று நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். பந்தை எறியாமல் உருட்டுங்கள். பிறகு ‘போதும்’ என்று சொல்லி, நாலைந்து துண்டுகளைத் தரையில் தூவி மோந்து தேடவிட்டு, பந்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தரையில் கிடக்கும் பந்துக்கு மதிப்பில்லை.

ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. ‘வா’ என்று கூப்பிடுவது, வந்ததும் சங்கிலியில் கட்டுவது. நாலாவது நாள் முதல் ‘வா’ என்றால் அது ஓடும். ஆட்டத்தின் நடுவே மூன்று முறையாவது சும்மா கூப்பிட்டு, துண்டு கொடுத்து, மறுபடி ஓடவிடுங்கள்.

12. முடிந்த பிறகு

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூச்சு சீரானதும் விரலிடுக்கு, காது மடல், கழுத்துப் பட்டைக்குக் கீழே உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்குச் சாதாரணமாக வருகிறது.

மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டிப் போகும்போது நேரம் குறைவு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, மருத்துவரிடம் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லுங்கள். மே மாதப் பகலில் மேல்தொட்டித் தண்ணீரே கொதிக்கும், முன்பே பிடித்து வைத்த வாளித் தண்ணீரை எடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

விளையாட்டில் பல் பட்டு உங்களுக்குத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மறுநாள் காலை நாய் எழுந்திருப்பதைப் பாருங்கள். துள்ளி எழுந்தால் நேற்றைய அளவு சரி. விறைப்பாக, ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்தால் இன்றைக்கு இட்லித் தட்டு மட்டும் போதும். மூன்று நாள் தொடர்ந்து அப்படியே எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.